போனைத் திறந்து கொடுத்துவிட்டேன், இனி என்ன செய்வது?

வாசகி ஒருவரிடமிருந்து நீண்ட கடிதம் வந்திருக்கிறது. அவர் யார், எந்த நாட்டில் இருக்கிறார் என்பது தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். அவர் வசிக்கும் பகுதியில், நடந்து போகிறவர்களின் முகத்தை அடையாளம் காணும் கேமராக்களை அரசு பொருத்தியது. எதிர்த்துப் போராட வேண்டும் என்று அவர் கிளம்பவில்லை. பதிவாகும் முகங்களை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யாரெல்லாம் பார்க்கலாம், ஆள் மாறிப்போனால் யாரிடம் முறையிடுவது என்று மூன்று கேள்விகளைச் சமூக ஊடகத்தில் எழுதினார். அது பரவியது. அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள்.

ஒருநாள் மாலை இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் சீருடையில், இன்னொருவர் சாதாரண உடையில். "சும்மா பேசிவிட்டுப் போகலாம் என்று வந்தோம்" என்றவர்கள், குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். அப்புறம் போனைக் கேட்டார்கள். இவர் பாஸ்வேர்டு போட்டுத் திறந்து கொடுத்தார். குழுவில் நடந்த உரையாடல்களைத் தங்கள் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு துண்டுக் காகிதம்கூடத் தரவில்லை. சில நாள் கழித்துத் தொலைபேசியில் அழைப்பு வந்தது: அடுத்த வாரம் ஸ்டேஷனுக்கு வர வேண்டும், போனையும் எடுத்து வர வேண்டும். எதற்கு என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

"எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் குழுவிலிருந்து வெளியே வா" என்கிறார் கணவர். அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணனோ, "நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அரசு. மறைக்க எதுவும் இல்லாதவளுக்கு என்ன பயம்?" என்கிறார். வாசகி கேட்கிறார்: போனைக் கொடுத்தது தவறா? பதிவுகளை அழிக்கலாமா? பேச்சுரிமை அரசியலமைப்பிலேயே இருக்கும்போது, வர முடியாது என்று சொல்லிவிடலாமா? அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறதா? கடைசியாக ஒன்று. நடந்ததைக் குழுவில் இருக்கும் யாரிடமும் அவர் இன்னும் சொல்லவில்லை. அவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டதாக மனம் உறுத்துகிறதாம்.

அன்புள்ள சகோதரி,

"நான் தப்புச் செய்துவிட்டேனா" என்று உங்கள் கடிதத்தில் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். "அவர்களுக்கு அந்த அதிகாரம் இருந்ததா" என்று ஓரிடத்தில்கூடக் கேட்கவில்லை. என்னிடம் வரும் பலரும் இப்படித்தான் கேட்கிறார்கள். சட்டம் இரண்டாவது கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது, நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1762-ல் லண்டனில், அரசை விமர்சித்து எழுதிவந்த ஜான் என்டிக் என்பவரின் வீட்டுக்குள் அமைச்சரின் ஆட்கள் புகுந்தார்கள். பல மணி நேரம் அலமாரிகளைத் துழாவிக் காகிதங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் கையில் அமைச்சர் கையெழுத்திட்ட உத்தரவு இருந்தது. என்டிக் வழக்குப் போட்டார். 1765-ல் தீர்ப்புச் சொன்ன கேம்டன் பிரபு கேட்டது எளிமையான கேள்வி: இப்படித் தேட அனுமதிக்கும் சட்டம் எங்கே? இருந்தால் சட்டப் புத்தகத்தில் இருக்க வேண்டும், அங்கே இல்லையென்றால் அப்படி ஒரு சட்டமே கிடையாது. அமைச்சரின் கையெழுத்தும், நாட்டின் நலன் என்ற வாதமும் அந்த இடத்தை நிரப்பவில்லை. குடிமகன் எதைச் செய்யவும் அனுமதி வாங்க வேண்டியதில்லை, சட்டம் தடுக்காத வரை. அரசு எதைச் செய்யவும் சட்டத்தில் இடம் இருக்க வேண்டும். ஜனநாயக நாடுகளின் சட்டம் இன்றும் இந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது.

உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எந்தச் சட்டப்படி வந்தார்கள் என்று சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாதது இயல்பு. வாசலில் சீருடை நிற்கும்போது, "கொஞ்சம் போனைக் காட்டுங்கள்" என்பது வேண்டுகோளாகக் காதில் விழாது, உத்தரவாகத்தான் விழும்.

போனைக் கொடுத்தது

இதில் கசப்பான ஒரு பகுதி இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். நீங்களாகக் கொடுத்தீர்கள் என்று அவர்கள் சொல்ல வாய்ப்பு இருக்கிறது. சம்மதம் இருந்தால் வாரண்ட் தேவையில்லை என்பது பல நாடுகளில் உள்ள நிலை. அமெரிக்காவில் 1973-ல் உச்ச நீதிமன்றம், மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று போலீஸ் முன்கூட்டியே சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்றது. அதே தீர்ப்பு, சம்மதம் மிரட்டலில் வந்ததா, மனமொப்பி வந்ததா என்பதைச் சூழ்நிலை முழுவதையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. எத்தனை பேர் வந்தார்கள், எந்த நேரம், என்ன தொனியில் பேசினார்கள், மறுத்தால் என்ன ஆகும் என்று நீங்கள் நம்பினீர்கள் என்பதெல்லாம் இதற்குள் வரும். அதனால் நடந்ததை இன்றே எழுதி வையுங்கள். தேதி, நேரம், அவர்கள் பேசிய வார்த்தைகள், நீங்கள் பேசியவை, வீட்டில் வேறு யார் இருந்தார்கள், எந்தப் பக்கங்களைப் படம் எடுத்தார்கள் என்று நினைவில் இருக்கும் அனைத்தையும் எழுதுங்கள். மிகைப்படுத்த வேண்டாம். நினைவு இல்லாததை நினைவு இல்லை என்றே எழுதுங்கள்.

போனைச் சோதிப்பது பையைச் சோதிப்பது போன்றது என்ற எண்ணத்தை நீதிமன்றங்கள் கைவிட்டு வருகின்றன. 2014-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, கைதான ஒருவரின் போனைக்கூட வாரண்ட் இல்லாமல் திறந்து பார்க்கக் கூடாது என்றார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வில் அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்றது. ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 1983-லேயே, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வழக்கில், தன்னைப் பற்றிய தகவலை யார் எதற்குப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்வது அந்த மனிதரின் உரிமை என்று சொல்லிவிட்டது. தன்னைப் பற்றி எது பதிவாகிறது என்று தெரியாதவர் கூட்டங்களுக்குப் போகத் தயங்குவார், அந்தத் தயக்கம் ஜனநாயகத்தையே பாதிக்கும் என்பது அந்தத் தீர்ப்பின் காரணம். உங்கள் குழுவில் இப்போது நடப்பது இதேதான் என்று நினைக்கிறேன். கணவர் உங்களை வெளியே வரச் சொல்வதும் அந்தத் தயக்கத்தின் விளைவு.

பாஸ்வேர்டு விஷயத்தில் மட்டும் உங்கள் நாட்டு வக்கீலைக் கேட்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். இதில் நாட்டுக்கு நாடு சட்டம் தலைகீழாக மாறுகிறது. பிரிட்டனில் 2000-ம் ஆண்டுச் சட்டப்படி முறையான நோட்டீஸ் வந்த பிறகும் பாஸ்வேர்டு தர மறுத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, தேசப் பாதுகாப்பு தொடர்பான வழக்கென்றால் ஐந்து ஆண்டு வரை. பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில், போன் திறக்கும் எண்ணைத் தர மறுப்பது சில சூழ்நிலைகளில் குற்றம் ஆகலாம் என்றது. அமெரிக்காவிலோ, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லாத உரிமை இதற்கும் பொருந்துமா என்று கீழ் நீதிமன்றங்கள் பிரிந்து நிற்கின்றன. "பாஸ்வேர்டு கேட்டால் கொடுக்கவே கூடாது" என்று இணையத்தில் சுற்றும் அறிவுரையை நம்பி யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது.

எதையும் அழிக்காதீர்கள்

உங்கள் கணவர் உங்கள்மீது உள்ள அக்கறையில்தான் சொல்கிறார், அது புரிகிறது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம். விசாரணை வருகிறது என்று தெரிந்த பிறகு பதிவுகளை அழிப்பது, பெரும்பாலான நாடுகளில் சாட்சியத்தை அழித்த குற்றமாகப் பார்க்கப்படலாம். இன்றுவரை நீங்கள் எழுதியது மூன்று கேள்விகள். அதில் குற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அழித்தீர்களானால், இல்லாத ஒரு குற்றத்துக்கு நீங்களே கதவைத் திறந்து விடுகிறீர்கள். அவர்கள் கையில் இருப்பது உரையாடலில் அவர்கள் தேர்ந்தெடுத்த பக்கங்கள் மட்டும்தான். முழு உரையாடலும் உங்களிடம் இருந்தால்தான், எந்தச் சூழலில் எது சொல்லப்பட்டது என்று காட்ட முடியும். பதிவுகளை யாரும் பார்க்காதபடி மறைப்பதும் வேண்டாம், இப்போது உள்ளபடியே இருக்கட்டும். குழுவிலிருந்து வெளியேறுவது உங்கள் விருப்பம், அதில் சட்டப் பிரச்சினை இல்லை. வெளியேறும்போது உரையாடலையும் சேர்த்து அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனுக்குப் போவதா

"போகவே மாட்டேன்" என்பது இப்போதைக்கு வேண்டாம். பேச்சுரிமை இருக்கிறது என்பதால் போலீஸ் உங்களை விசாரிக்கவே கூடாது என்று ஆகிவிடாது. உலகின் எந்த நாட்டிலும் பேச்சுரிமை நடைமுறையில் எல்லையற்றதாக இல்லை. வன்முறையைத் தூண்டுவது, மிரட்டுவது போன்றவை அதற்குள் வராது. ஒரு புகார் வந்தால் விசாரிப்பது போலீஸின் கடமையும்கூட. உங்கள் வீட்டுக்கு வந்து பேசியதே அத்துமீறல் என்று நான் சொல்ல மாட்டேன். காரணம் சொல்லாமல் போனைத் திறக்க வைத்ததும், பதிவு எதுவும் தராமல் பிறருடைய உரையாடலைப் படம் எடுத்துக்கொண்டு போனதும்தான் கேள்விக்கு உரியவை.

போவதற்கு முன் ஒரு கடிதம் எழுதுங்கள். மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ, அனுப்பியதற்குச் சான்று இருக்கும் வழியில் அனுப்புங்கள். வார்த்தைகள் இப்படி இருந்தால் போதும்: "இன்ன தேதியில் தொலைபேசியில் என்னை அழைத்தீர்கள். விசாரணைக்கு ஒத்துழைக்கத் தயாராக இருக்கிறேன். எந்தப் புகார் அல்லது வழக்கின் பேரில், எந்தச் சட்டப் பிரிவின் கீழ் அழைக்கிறீர்கள், என்னைச் சாட்சியாக அழைக்கிறீர்களா அல்லது சந்தேகத்துக்கு உரியவராக அழைக்கிறீர்களா என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். என் போன் தேவை என்றால் அதற்கான உத்தரவையும் அனுப்பவும். வக்கீலுடன் வருவேன்." இதில் ஒரு வார்த்தைகூட எதிர்ப்பு இல்லை. ஆனால் தொலைபேசியில் காற்றோடு போன ஒரு அழைப்பை இது காகிதத்துக்குக் கொண்டு வந்துவிடும். சட்டப் பிரிவைக் காகிதத்தில் எழுத வேண்டும் என்றதும் பல அழைப்புகள் அதோடு நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். முறையான நோட்டீஸ் வந்தால் தயங்காமல் போங்கள். நோட்டீஸ் வந்த பிறகு போகாமல் இருப்பதுதான் ஆபத்து. சாட்சியா, சந்தேக நபரா என்று கேட்பது ஏன் முக்கியம் என்றால், பல நாடுகளில் இந்த இரண்டு நிலைகளுக்கும் உள்ள கடமைகளும் பாதுகாப்புகளும் வேறு வேறு.

அங்கே பொய் மட்டும் சொல்லக் கூடாது. பயத்தில் "அந்தக் குழுவில் நான் இல்லை" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால், அதுவே வழக்காகலாம். அமெரிக்காவில் கூட்டாட்சி அதிகாரியிடம் முக்கியமான ஒரு விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னால், சத்தியப் பிரமாணம் எதுவும் எடுக்காதபோதும், ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. பதில் சொல்ல விரும்பாத இடத்தில் "வக்கீலைக் கலந்துகொண்டு சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். படிக்காத எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம், வெற்றுத் தாளில் கண்டிப்பாக வேண்டாம். போனை வாங்கி வைத்துக்கொள்வதாகச் சொன்னால், உடல் பலத்தால் தடுக்காதீர்கள். "நான் சம்மதிக்கவில்லை, சட்டப்படி எடுக்கிறீர்கள் என்றால் ரசீது கொடுங்கள்" என்று மரியாதையாக, மற்றவர்கள் காதில் விழும்படி சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் பின்னால் நீதிமன்றத்தில் மிகவும் பயன்படும். வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஜனநாயக நாடுகள் பலவற்றில் இலவசச் சட்ட உதவி அமைப்புகள் இருக்கின்றன, இன்றே விசாரியுங்கள்.

அண்ணனிடம் சொல்ல வேண்டியவை

அண்ணனின் முதல் வாதம், நாம் தேர்ந்தெடுத்த அரசு என்பது. தேர்தல், யார் ஆள்வது என்பதை முடிவு செய்கிறது. எதுவரை ஆளலாம் என்பதை முடிவு செய்வது அரசியலமைப்பு. 1940-ல், கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்த யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துக் குழந்தைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது சரி என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னது. மூன்றே ஆண்டில், 1943-ல், நாடு உலகப் போரின் நடுவில் இருந்தபோதே, அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றியது. பேச்சு, வழிபாடு, ஒன்றுகூடுதல் போன்ற உரிமைகளை ஓட்டெடுப்புக்கு விட முடியாது, பெரும்பான்மையின் கை எட்டாத இடத்தில் வைப்பதற்காகத்தான் உரிமைச் சாசனமே எழுதப்பட்டது என்பது நீதிபதி ஜாக்சன் சொன்ன காரணம்.

முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகள் என்னென்ன செய்திருக்கின்றன என்பதையும் அண்ணன் யோசிக்க வேண்டும். அமெரிக்க எஃப்பிஐ 1956 முதல் 1971 வரை நடத்திய ரகசியத் திட்டத்தில் மார்ட்டின் லூதர் கிங் உட்படப் பலர் கண்காணிக்கப்பட்டார்கள், அவர்களின் பெயரைக் கெடுக்க வேலை நடந்தது. இரண்டு பெரிய கட்சிகளின் ஆட்சியிலும் அது தொடர்ந்தது. இந்தியாவில் 1971-ல் பெரும் வெற்றி பெற்று வந்த அரசுதான் 1975 ஜூனில் நெருக்கடி நிலையைக் கொண்டுவந்தது. விசாரணை இல்லாமல் சிறையில் வைக்க இடம் தந்த மிசா சட்டத்தில் உள்ளே போனவர்களின் வீடுகளில் இன்றும் அந்த நினைவு இருக்கிறது. இவர்கள் எல்லோரும் ஓட்டு வாங்கி வந்தவர்கள்தான்.

இரண்டாவது வாதம், மறைக்க எதுவும் இல்லாதவர் பயப்பட வேண்டாம் என்பது. இதைச் சொல்பவர்கள் ஒன்றை நம்புகிறார்கள்: அரசு தவறே செய்யாது, தவறு செய்பவர்கள் எப்போதும் குடிமக்கள்தான். நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை வாங்கிய பல்லாயிரம் பெற்றோரை, மோசடி செய்ததாக வரித்துறை தவறாகக் குற்றம் சாட்டியது. விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனது போன்ற சிறு பிழைகளுக்காக மொத்தத் தொகையையும் திருப்பிக் கேட்டது. யார்மீது சந்தேகம் கொள்வது என்று கணக்கிட்ட முறையில் இரட்டைக் குடியுரிமையும் ஒரு குறியீடாக இருந்தது. குடும்பங்கள் கடனில் மூழ்கின, வீடுகள் போயின, மணவாழ்க்கைகள் முறிந்தன. அந்தப் பெற்றோரிடம் மறைக்க எதுவும் இருக்கவில்லை, எல்லாத் தகவலும் அரசிடமே இருந்தது. உண்மை வெளியே வந்து, 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது. அதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிட்டன.

உங்கள் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமான ஒன்று. 2020 ஜனவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒருவரை, கடிகாரத் திருட்டு வழக்கில், அவர் வீட்டு வாசலில் மனைவி, பிள்ளைகள் கண் முன்னால் கைது செய்தார்கள். கேமராவில் பதிவான மங்கலான முகத்தை அவருடைய பழைய ஓட்டுநர் உரிமப் படத்தோடு மென்பொருள் பொருத்தியிருந்தது. அது அவர் இல்லை. சுமார் 30 மணி நேரம் காவலில் இருந்த பிறகுதான் வெளியே வந்தார். வழக்கு சமரசத்தில் முடிந்தபோது, முக அடையாளத்தை மட்டும் வைத்து யாரையும் கைது செய்யக் கூடாது என்ற விதியை 2024-ல் அந்த நகரப் போலீஸ் ஏற்றது. ஆள் மாறிப்போனால் யாரிடம் முறையிடுவது என்று நீங்கள் கேட்டீர்களே, அந்த மனிதரின் குடும்பத்துக்கு அதைவிட முக்கியமான கேள்வி வேறு இருந்திருக்காது.

அண்ணன் இன்னொன்றும் சொல்லக்கூடும், இதெல்லாம் பாதுகாப்புக்காகத் தற்காலிக ஏற்பாடு என்று. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு 45 நாளில் அமெரிக்காவில் நிறைவேறிய பேட்ரியாட் சட்டத்தின் சில பிரிவுகளுக்கு 2005 வரைதான் ஆயுள் என்று எழுதியிருந்தது. நீட்டித்துக்கொண்டே போனார்கள். அதன் 215-ம் பிரிவைக் காட்டி, நாட்டு மக்கள் யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்ற பட்டியலை அரசு மொத்தமாகத் திரட்டி வந்தது 2013-ல், அமெரிக்க உளவு அமைப்பின் ஒப்பந்த ஊழியராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் மூலம்தான் வெளியே தெரிந்தது. 2014-ல் அதை ஆராய்ந்த அரசின் சொந்தக் கண்காணிப்பு வாரியம், ஒரு பயங்கரவாத விசாரணையின் முடிவையாவது அந்தத் திட்டம் மாற்றியதற்கு ஒரே ஒரு உதாரணம்கூடக் கிடைக்கவில்லை என்றது. பிரான்ஸில் 2015 நவம்பர் தாக்குதல்களுக்குப் பிறகு வந்த நெருக்கடி நிலை இரண்டு ஆண்டு ஓடியது. அதன்கீழ் பருவநிலை மாநாட்டுச் சமயத்தில் சூழலியல் ஆர்வலர்கள் சிலரை வீட்டுக் காவலில் வைத்தார்கள். 2017-ல் நெருக்கடி நிலையை நீக்கியபோது, அதன் அதிகாரங்கள் சிலவற்றைச் சாதாரணச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

உங்களுக்கும் சில திருத்தங்கள்

அண்ணனை மறுத்துப் பேசியதால் உங்கள் பக்கம் முழுவதையும் ஏற்றுக்கொள்கிறேன் என்று நினைக்காதீர்கள். "அரசு எதைச் செய்தாலும் அத்துமீறல்தான்" என்ற தொனி உங்கள் கடிதத்தின் பிற்பகுதியில் வருகிறது. குடிமக்களைப் பாதுகாப்பதும் அரசின் கடமை, அதற்குச் சில அதிகாரங்கள் தேவை. நல்ல நோக்கம் உள்ளவர்களே எல்லைக் கோட்டைப் பற்றி வேறுபடுவார்கள். கனடாவில் 2022 பிப்ரவரியில் லாரி ஓட்டுநர்களின் முற்றுகையைக் கலைக்க அவசரநிலைச் சட்டத்தைப் பயன்படுத்தினார்கள், வங்கிக் கணக்குகளை முடக்கினார்கள், ஒன்பது நாளில் விலக்கிக்கொண்டார்கள். பின்னர் சட்டப்படி கட்டாயமாக அமைந்த விசாரணை ஆணையம், அதற்கான அளவுகோல் நிறைவேறியது என்றது. 2024-ல் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி ஒருவர் அது நியாயமற்றது என்றார். இந்த வேறுபாடு எனக்குக் கவலை தரவில்லை. அரசு தன் செயலுக்குக் காரணம் சொல்ல வேண்டிய இடம் அங்கே இருந்தது என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

கேமராவிலும் அப்படித்தான். பொது இடத்தில் கேமரா வைப்பதே சட்டவிரோதம் என்று குழுவில் பேசுகிறீர்கள், அது சரியல்ல. நீதிமன்றங்கள் கேட்பது நான்கைந்து கேள்விகள்: இதற்குத் தெளிவான சட்டம் இருக்கிறதா, நோக்கம் முறையானதா, அந்த நோக்கத்துக்கு இது உண்மையில் உதவுமா, இதைவிடக் குறைவாக உரிமையைத் தொடும் வழி இருக்கிறதா, தவறாகப் பயன்பட்டால் தடுக்க யார் இருக்கிறார்கள். பிரிட்டனில் சவுத் வேல்ஸ் போலீஸ் பயன்படுத்திய முக அடையாளக் கேமராக்களை எதிர்த்த வழக்கு 2019-ல் முதல் நீதிமன்றத்தில் தோற்றது. 2020 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பயன்பாடு சட்டத்துக்கு உட்பட்டதல்ல என்றது. யாரைத் தேடும் பட்டியலில் சேர்ப்பது, எங்கே கேமரா வைப்பது என்பதை அதிகாரிகளின் விருப்பத்துக்கு அளவுக்கு மீறி விட்டிருந்தார்கள் என்பது ஒரு முக்கியக் காரணம். கேமராவையே தடை செய்யவில்லை, விதிகளின் ஓட்டையைப் பிடித்தார்கள். உங்கள் மூன்று கேள்விகளும் அந்த ஓட்டையைத்தான் தொடுகின்றன. "கேமரா வேண்டாம்" என்ற கோஷத்தைவிட அவை வலுவானவை. குழுவில் அதை எடுத்துச் சொல்லுங்கள்.

நீதிமன்றத்துக்குப் போனால் உடனே நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தபோது, அவர்களில் பெரும்பாலோர் அந்நாட்டுக் குடிமக்களே என்றாலும், 1944-ல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. இந்தியாவில் 1976 ஏப்ரலில், நெருக்கடி நிலையின்போது சட்டவிரோதமாகக் காவலில் இருப்பவரும் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். அதன் பிறகு அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி அவருக்கு இளையவருக்குப் போனது. 1978-ல் வந்த 44-வது திருத்தம், உயிர், உடல் சுதந்திரம் பற்றிய 21-ம் பிரிவை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாதபடி செய்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகத் தூக்கி எறிந்தது 2017-ல்தான். நாற்பத்தொரு ஆண்டுகள். நீதிமன்றத்துக்குப் போகாதீர்கள் என்று சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. அதை மட்டும் நம்பி மற்ற வழிகளை விட்டுவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

குழுவிடம் சொல்லுங்கள்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். படம் எடுக்கப்பட்டவற்றில் அவர்களின் பெயரும் எண்ணும் வார்த்தைகளும் இருக்கின்றன. அவர்களுக்கும் நாளை அழைப்பு வரலாம். விஷயம் தெரிந்திருந்தால் வக்கீலைப் பார்ப்பார்கள், தெரியாமல் இருந்தால் பயத்தில் எதையாவது அழிப்பார்கள், அல்லது பொய் சொல்லி மாட்டிக்கொள்வார்கள். நடந்ததை நடந்தபடி நாலு வரியில் சொல்லுங்கள். "எல்லோரும் இப்படிச் சொல்லுங்கள்" என்று பதில் எழுதிக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம், அது சாட்சிகளைக் கலைத்ததாகத் திரும்பும். காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தன் வீட்டில், முன்னறிவிப்பு இல்லாமல், காரணம் சொல்லாமல் கேட்கப்பட்டபோது கொடுத்துவிட்ட ஒருவருக்கு அந்த வார்த்தை பொருந்தாது. குழுவில் யாராவது கோபப்படலாம். படட்டும். அந்தக் கோபத்தைத் தாங்கிக்கொண்டு இப்போதே சொல்வது, பின்னால் அவர்களாகத் தெரிந்துகொள்வதைவிடப் பல மடங்கு நல்லது.

புகார் கொடுப்பதா

இதில் இரண்டு பக்கமும் எடை இருக்கிறது. புகார் கொடுத்தால் உங்கள் பெயர் இன்னும் கொஞ்சம் வெளியே வரும், சில அதிகாரிகள் மனதில் வைத்துக்கொள்ளலாம், காலமும் செலவாகும். கொடுக்காவிட்டால், நடந்ததற்கு எந்தப் பதிவும் இருக்காது, அடுத்த வீட்டிலும் இதே நடக்கும். உங்கள் வேலை, வீட்டுச் சூழ்நிலை எல்லாவற்றையும் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கொடுக்காமல் இருப்பது கோழைத்தனம் என்று யாரையும் சொல்ல விடாதீர்கள்.

என் யோசனை, படிப்படியாகப் போவது. ஸ்டேஷன் விவகாரம் முதலில் முடியட்டும். அப்புறம் போலீஸின் மேலதிகாரிக்கோ, போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கும் தனி அமைப்புக்கோ ஒரு கடிதம் எழுதலாம். அதில் இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள்: எந்த அதிகாரத்தின் கீழ் உரையாடல்களைப் படம் எடுத்தீர்கள், அவை இப்போது எங்கே யாரிடம் இருக்கின்றன. வழக்கு எதுவும் இல்லை என்றால் அவற்றை அழிக்கச் சொல்லிக் கேளுங்கள். குற்றம் நிரூபிக்கப்படாதவர்களின் கைரேகை, டிஎன்ஏ ஆகியவற்றைக் காலவரையின்றி வைத்திருப்பது அந்தரங்க உரிமையை மீறுவது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008-ல் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதே வாதம் உங்களுக்கும் உதவும். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் தகவல் அறியும் சட்டம் இருக்கிறது. கேமரா பற்றிய உங்கள் மூன்று கேள்விகளை அந்தச் சட்டத்தின் கீழ் முறையான மனுவாகப் போடுங்கள். குழுவில் விருப்பம் உள்ளவர்கள் தனித்தனியாகத் தங்கள் பெயரில் போட்டால், பாரம் உங்கள் ஒருவர் தலையில் விழாது. மனித உரிமை ஆணையம், தகவல் பாதுகாப்பு ஆணையம், உங்கள் தொகுதியின் மக்கள் பிரதிநிதி, நீதிமன்றம் எல்லாம் அதற்கு அடுத்த படிகள்.

புகார் அமைப்புகள் பலவற்றுக்குக் கால வரம்பு உண்டு, சிலவற்றில் அது சில மாதங்கள்தான். முதல் சந்திப்பிலேயே வக்கீலிடம் அந்தத் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அனுப்பும் ஒவ்வொரு கடிதத்துக்கும் நகல் வைத்திருங்கள். பதில் வந்தால் வக்கீலிடம் காட்டுங்கள். வராவிட்டால், கடிதம் அனுப்பியதற்கான சான்றையே அடுத்த மனுவோடு முதல் இணைப்பாக வையுங்கள்.